சேவல் கூவியதையும் சேர்த்து அனுப்பு

வானொலியில் வேலை செய்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் பேசினாலும் அதில் எதை வெட்டலாம் என்றுதான் எங்கள் காது தேடும். "அது வந்து...", "ம்ம்...", நடுவில் ஓர் இருமல், பின்னால் போகும் மோட்டார் சைக்கிள் எல்லாம் கத்தரிக்குப் போகும். பன்னிரண்டு நிமிட நேர்காணல் ஐந்து நிமிடமாக ஒலியேறும். பேசியவரே பிறகு கேட்டுவிட்டு, "நானா இவ்வளவு தெளிவா பேசினேன்?" என்று மகிழ்ந்துபோவார். பத்து ஆண்டுகளாக எனக்கு இதுதான் பிழைப்பு.

இந்தப் பழக்கம் மலாக்காவில் ஒரு பாட்டியின் கதையைக் கெடுத்துவிட்டது. மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் உறுத்துகிறது.

பல்கலைக்கழகத்தில் என்னோடு ஊடகத்துறை படித்த தோழி ஒருத்தி. பெயர் போடாதே என்று சொல்லிவிட்டாள். மலாக்கா செட்டி குடும்பம். சுல்தான்கள் ஆண்ட காலத்திலேயே வணிகம் செய்ய வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து, அங்கேயே தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். காஜா பேராங்கில் அவர்களுடைய கம்பம் இருக்கிறது. 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் அவர்களுடையது. வீட்டில் விபூதி உண்டு, பொங்கல் உண்டு, போகியன்று முன்னோருக்கு வாழையிலை போட்டுப் படைக்கும் 'போகி பார்ச்சு' உண்டு. பேச்சில் மட்டும் தமிழ் இல்லை. அவர்கள் பேசுவது மலாய்.

ஆனால் அது பள்ளிக்கூடத்தில் நாம் படித்த மலாய் அல்ல. உலக மொழிகளுக்கு மூன்றெழுத்துக் குறியீடு கொடுக்கும் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் தமிழுக்கு டி-ஏ-எம். மலாக்கா கிரியோல் மலாய்க்கு சி-சி-எம். தனிக்குறியீடு கொடுக்கும் அளவுக்கு அதை வேறாகப் பார்க்கிறார்கள், ஆனால் அதைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. நோரியா முகமது 2009-இல் அரச ஆசியக் கழகத்தின் மலேசியக் கிளை இதழில் எழுதிய கட்டுரை எல்லாரும் முதலில் காட்டும் ஒன்று.

தோழி ஊடகத்தை விட்டு மொழியியலில் முதுகலை படிக்கப் போனாள். தன் பாட்டி பேசும் மலாயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, வெளிநாட்டு ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவள் ஆசை. ஒரு நாள் அழைத்து, "உன் ரெக்கார்டரைக் கொடு. ஆளும் வந்தால் நல்லது" என்றாள். போனேன்.

பாட்டிக்கு அப்போது எண்பத்தொன்று. நானும் அவரை 'நெனெக்' என்றே அழைத்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் மின்விசிறியை நிறுத்தினேன், குளிர்சாதனப் பெட்டியின் சுவிட்சை அணைத்தேன். (திரும்ப அதைப் போட மறந்துவிட்டேன். மறுநாள் அவர்கள் மீன் முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று.) கொல்லையில் இருந்த சேவலை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் பதிவு இந்த வேலைக்கு உதவாது. அது ஒலியை அமுக்கிச் சுருக்கிவிடும். சுருக்காத 'வேவ்' கோப்பு வேண்டும், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றால் நிம்மதி. இந்த விஷயத்தில் வானொலிக்காரர்களும் மொழியியலாளர்களும் ஒரே கட்சி. அதோடு ஒற்றுமை முடிந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பதிவுக்கு முன் ஒரு படிவத்தில் பாட்டி கையெழுத்திட வேண்டும். ஆராய்ச்சி எதற்காக, பதிவை எங்கே வைப்போம், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்பதையெல்லாம் தோழி பொறுமையாக விளக்கினாள். "உங்கள் பெயர் எங்கும் வெளியாகாது" என்ற வரி வந்ததும் பாட்டி நிமிர்ந்தார்.

"ஏன் வராது? நான் என்ன திருடிவிட்டேனா?"

தோழி திகைத்தாள். பேசுபவரைப் பாதுகாக்கத்தான் அந்த வரி. நோயாளிகளை ஆராயும்போது பெயரை மறைப்பது நியாயம். மொழியில் கதை தலைகீழ். ஒரு மொழியைக் கடைசியாக நன்றாகப் பேசுகிறவர்களில் ஒருவர் தன் பெயர் அதோடு இருக்க வேண்டும் என்று நினைத்தால், அதை மறைப்பதுதான் திருட்டு மாதிரி ஆகிவிடுகிறது. நல்ல படிவங்களில் இரண்டுக்கும் கட்டம் இருக்கும்: பெயர் வேண்டும், வேண்டாம். தோழி பல்கலைக்கழகத்துக்கு எழுதி, படிவத்தை மாற்றிக்கொண்டு வர இரண்டு வாரம் ஆனது. பாட்டி 'வேண்டும்' என்ற கட்டத்தில் பேனாவை அழுத்திக் கோடு போட்டார்.

மூன்று வார இறுதிகளில் நான்கு மணி நேரம் பதிவு செய்தோம். கல்யாணக் கதை, ஜப்பான்காரன் கதை, சமையல். எனக்கு மிகவும் பிடித்தது, தன் அம்மா போகி பார்ச்சுக்கு இலை போட்ட விதத்தை அவர் விவரித்த ஏழு நிமிடம். சேவல் நான்கு முறை கூவியது. பாட்டி இரண்டு மூன்று இடங்களில் தடுமாறினார். அன்றிரவு விடுதி அறையில் உட்கார்ந்து, தோழிக்கு ஓர் இன்ப அதிர்ச்சி கொடுக்கலாம் என்று அந்தக் கோப்பைச் சுத்தம் செய்தேன். சேவலை எடுத்தேன், தடுமாற்றங்களை எடுத்தேன். ஏழு நிமிடம் ஐந்தானது. அருமையாக இருந்தது. பழைய கோப்பின் மேலேயே சேமித்தேன்.

மறுநாள் அவள் தன் குறிப்பேட்டையும் கோப்பையும் ஒப்பிட்டுக் கேட்டாள். முகம் மாறியது.

"இங்கே ஒரு இடத்தில் நெனெக் முதலில் 'ரூமா சாயா' என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். பிறகு 'சாயா புன்யா ரூமா' என்று மாற்றிச் சொன்னார். அது எங்கே?"

தடுமாற்றம்தானே, வெட்டிவிட்டேன் என்றேன்.

நாம் பள்ளியில் படித்த மலாயில் 'என் வீடு' என்பது 'ரூமா சாயா'. வீடு முன்னால், நான் பின்னால். பாட்டி வீட்டில் பேசும் மலாயில் 'சாயா புன்யா ரூமா', அதாவது என்னுடைய வீடு. மைக்கைப் பார்த்ததும் பாட்டி பள்ளி மலாயில் ஆரம்பித்திருக்கிறார். இது நம் பேச்சு அல்ல என்று உணர்ந்து, நிறுத்தி, வீட்டு மலாய்க்குத் திரும்பியிருக்கிறார். இரண்டு வடிவங்களும் அவர் மனத்தில் தனித்தனியாக இருக்கின்றன, எது தன்னுடையது என்று அவருக்குத் தெரியும். தோழியின் கட்டுரைக்கு அதைவிட நல்ல சான்று வேறு இல்லை. அதைத்தான் நான் அழுக்கு என்று துடைத்துவிட்டேன்.

"நான் பக்கத்தில் இருந்தேனே, கேட்டேனே, எழுதலாமே?" என்றேன்.

"நீ கேட்டாய், நான் கேட்டேன். படிக்கிறவர் கேட்க வேண்டுமே" என்றாள்.

ஆய்விதழ் என்பது என்ன என்று எனக்குப் புரிந்தது அந்த நிமிடத்தில்தான். அதுவரை அது பெரிய படிப்பாளிகளின் பத்திரிகை என்று நினைத்திருந்தேன். கட்டுரையில் வரும் ஒவ்வோர் எடுத்துக்காட்டுக்கும் பக்கத்தில், எந்த ஒலிக்கோப்பு, எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது விநாடி என்று எழுதுகிறார்கள். கோப்பு ஒரு காப்பகத்தில் இருக்கும். ஆஸ்திரேலியாவில் 2003-இல் தொடங்கிய பாரடிசெக் அப்படி ஒன்று. லண்டனில் தொடங்கி இப்போது பெர்லினில் இருக்கும் ஈலார் இன்னொன்று. முப்பது ஆண்டு கழித்து பிரேசிலில் ஒரு மாணவி சந்தேகப்பட்டால், அந்த விநாடியை அவளே கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வெட்டி ஒட்டிய கோப்பு அந்தக் கூட்டத்தில் நிற்காது.

பாட்டியிடம் மீண்டும் அந்தக் கதையைச் சொல்லச் சொன்னோம். சொன்னார். நேராக, தடங்கலே இல்லாமல், 'சாயா புன்யா' என்றே சொன்னார். மைக் அவருக்குப் பழகிவிட்டிருந்தது.

எழுதும் வேலை அதற்குப் பிறகு. ஆறு மாதம் ஆனது. எனக்கு அதில் பிடித்தது மூன்று வரி முறை. அறியாத மொழியின் வாக்கியத்தை அப்படியே போட்டு, 'இதன் பொருள் இது' என்று எழுதினால் ஏற்கமாட்டார்கள். முதல் வரியில் வாக்கியம், உறுப்பு உறுப்பாகப் பிரித்து. இரண்டாம் வரியில் ஒவ்வோர் உறுப்பின் நேர்ப்பொருள். மூன்றாம் வரியில் முழு மொழிபெயர்ப்பு. 'வீட்டுக்குப் போனேன்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு-க்கு, போ-ன்-ஏன் என்று பிரித்து, கீழே 'வீடு-நான்காம் வேற்றுமை, செல்-இறந்தகாலம்-தன்மை ஒருமை' என்று போட வேண்டும். இதற்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து மேக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தின் பெயரோடு வழங்கும் பத்து விதிகள் இருக்கின்றன. தோழி அதை விளக்கி முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. தமிழ்ப்பள்ளியில் பகுதி, விகுதி, இடைநிலை என்று பகுபத உறுப்பிலக்கணம் எழுதி மை தீர்த்தவர்களுக்கு இது புதுசா?

எங்கே அனுப்புவது என்பது அடுத்த கேள்வி. மொழி ஆவணப்படுத்தலுக்கென்றே ஹவாய்ப் பல்கலைக்கழகத்திலிருந்து 2007 முதல் ஓர் இணைய இதழ் வருகிறது. படிக்கவும் கட்டணமில்லை, எழுதுபவருக்கும் கட்டணமில்லை. தென்கிழக்காசிய மொழிகளுக்கு அங்கிருந்தே தனி இதழ் வருகிறது. கிரியோல் மொழிகளுக்கு 1986-இல் தொடங்கிய இதழ் ஒன்று உண்டு. நல்ல கட்டுரையைப் பொருந்தாத இதழுக்கு அனுப்பினால், யாரும் படிக்காமலேயே ஒரு வாரத்தில் திரும்பி வரும். தோழி ஒவ்வோர் இதழிலும் கடைசியாக வந்த ஐந்தாறு கட்டுரைகளைப் படித்துவிட்டுத்தான் முடிவெடுத்தாள்.

இந்த நேரத்தில் அவளுக்கு மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. "மதிப்புமிக்க ஆய்வாளரே, பத்தே நாளில் வெளியிடுகிறோம்" என்று ஆரம்பித்து, கடைசி வரியில் டாலரில் ஒரு தொகை. பணம் கேட்கும் இதழ் எல்லாமே மோசடி அல்ல. பெயர்பெற்ற பதிப்பகங்களும் எல்லாரும் இலவசமாகப் படிக்கத் திறந்துவிட ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்குகின்றன. ஆனால் பத்து நாளில் ஒரு கட்டுரையை யாரும் ஒழுங்காகப் படித்து மதிப்பிட முடியாது. முதுகலை, முனைவர் படிப்பில் இருக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைச் சொல்லி வையுங்கள். பதவி உயர்வுக்கு எண்ணிக்கை காட்ட வேண்டிய அவசரத்தில் இந்த வலையில் விழுந்தவர்கள் இருக்கிறார்கள்.

அனுப்புவதற்கு முந்தைய இரவு ஒரு வேடிக்கை. எழுதியவர் யார் என்று மதிப்பீட்டாளருக்குத் தெரியக்கூடாது, மதிப்பீட்டாளர் யார் என்று எழுதியவருக்கும் தெரியக்கூடாது. அதனால் கட்டுரையில் அடையாளம் காட்டும் எதுவும் இருக்கக்கூடாது. 'என் பாட்டி' என்று வந்த இடமெல்லாம் அடிக்கப்பட்டது. நன்றியுரை போனது. 'பேச்சாளர் 1, பெண், வயது 81' என்று ஆனார் நெனெக். பெயர் வேண்டும் என்று பேனாவை அழுத்தியவர்! ஏற்கப்பட்டால் பெயர் திரும்ப வரும், இது தற்காலிகம்தான் என்று தோழி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. பெரிய திருத்தங்கள் செய்து மீண்டும் அனுப்பவும். இரண்டு மதிப்பீட்டாளர்கள், மொத்தம் ஒன்பது பக்கம்.

அதில் ஒரு குட்டு எனக்கு விழ வேண்டியது. 'சாயா புன்யா ரூமா', 'என்னுடைய வீடு' இரண்டிலும் சொல் ஒரே வரிசையில் வருகிறது, பார்த்தீர்களா? இதைக் கேட்ட நாளிலிருந்து நான் அவளை நச்சரித்தேன். "தமிழின் தாக்கம்தான்! மொழியை விட்டாலும் இலக்கணம் விடவில்லை பார். எழுது." அவள் தயங்கித் தயங்கி ஒரு பத்தி எழுதினாள். இரண்டாவது மதிப்பீட்டாளர் அந்தப் பத்திக்கே ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார். சீன வம்சாவளி பாபா மலாயிலும் இதே அமைப்பு இருக்கிறது. ஹொக்கியனிலும் உடையவர் முன்னால்தான் வருவார். துறைமுகங்களில் பல இனத்தார் பேசிய வணிக மலாயின் பொது அடையாளங்களில் ஒன்றாக இதை அடெலார், பிரெண்டிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1996-லேயே பட்டியலிட்டிருக்கிறார்கள். தமிழிலிருந்து வந்தது என்று சொல்ல, தமிழில் மட்டும் இருந்து மற்றவற்றில் இல்லாத ஏதாவது ஒன்றைக் காட்ட முடியுமா?

முடியாது. பசாரில் நாமே தினமும் 'சாயா புன்யா' என்றுதானே பேசுகிறோம்? எனக்குக் கோபம் வந்தது உண்மை. முகம் தெரியாத ஆள் நம் பெருமையில் கை வைக்கிறாரே என்று. தோழி அந்தப் பத்தியை எடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

கட்டுரையைத் திருத்தும்போது அவள் மேசையில் எப்போதும் இருந்தது ஜெடெக் பற்றிய கட்டுரை. நினைவிருக்கலாம், 2018 பிப்ரவரியில் உலகச் செய்திகளில் அடிபட்ட பெயர். கிளந்தான், சுங்கை ருவாலில் சுமார் 280 பேர் பேசும் மொழி. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் யாகர், நிக்லாஸ் பூரென்ஹுல்ட் இருவரும் ஜஹாய் மொழியை ஆராயத்தான் அங்கே போனார்கள். ஊரில் பெரும்பகுதியினர் பேசுவது ஜஹாய் இல்லை என்பதைக் கவனித்தார்கள். மானுடவியலாளர்கள் ஏற்கெனவே போய்வந்த ஊர் அது. அவர்கள் தேடிப்போனது வேறு, அதனால் இது காதில் விழவில்லை. 'மலேசியாவில் புது மொழி கண்டுபிடிப்பு' என்று நானும் காலை நிகழ்ச்சியில் உற்சாகமாக வாசித்தேன். அந்த 280 பேருக்கு அது எப்போது தொலைந்தது, கண்டுபிடிக்க?

கட்டுரையின் சுவாரசியமே வேறு. ஒலிகளையும் சொற்களையும் இலக்கணத்தையும் அக்கம்பக்கத்து மொழிகளோடு ஒன்றொன்றாக ஒப்பிட்டு, எது எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று காட்டுகிறார்கள். சில சொற்களுக்கு உறவு பக்கத்து ஊர் மொழியில் இல்லை, தீபகற்பத்தின் தொலைவான பகுதிகளில் இருக்கிறது. திருடு, வாங்கு, விற்கு என்பதற்குச் சொல் இல்லை, பகிர்வதற்கும் கொடுத்து வாங்குவதற்கும் நிறைய இருக்கின்றன என்ற செய்தியைத்தான் நாங்கள் வானொலியில் பெரிதாகச் சொன்னோம். தோழி கற்றுக்கொண்டது அந்த ஒப்பீட்டை. பாபா மலாய், பசார் மலாய், பள்ளி மலாய் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் புது அட்டவணை போட்டாள். இன்னும் நான்கு பேரைப் பதிவு செய்தாள். ஒரே ஒரு பாட்டியை வைத்து ஒரு சமூகத்தின் மொழி என்று சொல்ல முடியாது என்பது முதல் மதிப்பீட்டாளரின் குறை.

ஒரு கேள்வி உங்களுக்கும் எழும். நெனெக்கின் பேரப்பிள்ளைகள் அந்த மலாயைப் பேசாமல் போனால், ஆங்கிலக் கட்டுரை அதைக் காப்பாற்றுமா? கட்டுரை மட்டும் காப்பாற்றாது. மலாக்காவின் போர்ச்சுகீசியக் கிரியோலைப் பாருங்கள், நாம் கிறிஸ்டாங் என்பது. ஆலன் பேக்ஸ்டரின் இலக்கண நூல் 1988-இல் வந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபனி பிள்ளை அதைப் பதிவு செய்து காப்பகத்தில் சேர்த்தார், ஆய்விதழ்களில் எழுதினார். பிறகு 2016-இல் சமூகத்தினரோடு சேர்ந்து ஒரு பாடநூலும் வந்தது. ஆய்வுக்காகச் சேர்த்த பதிவும் அலசலும் இருந்தால் பாடநூல் எழுதுபவருக்குப் பாதி வேலை குறையும் என்பது தோழியின் கணக்கு. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. ஆனால் பதிவே இல்லாமல் யாரும் பாடநூல் எழுத முடியாது என்பதை மறுக்க மாட்டேன்.

நம் பக்கமும் கொஞ்சம் பார்க்கலாம். தமிழ் சிறிய மொழி அல்ல. ஆனால் பசா மாலாமில் நின்று "ரெண்டு தாப்பாவ் பண்ணுங்கக்கா" என்கிறோமே, தோட்டத்துக் கிழவர்கள் கிராணி, மண்டோர் என்று பேசுவார்களே, அந்தத் தமிழ்? ஹெரால்ட் ஷிஃப்மன் மலேசியத் தமிழர்களின் மொழிநிலை பற்றி 2002-இலும் சிங்கப்பூர்த் தமிழ் பற்றி 2003-இலும் ஆய்விதழ்களில் எழுதினார். அமெரிக்கர். நம் தாத்தா பாட்டியின் வரவேற்பறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழையக்கூடியவர்கள் நாம்.

இரண்டாம் முறை அனுப்பி, இன்னும் ஒரு சிறு திருத்தம் முடித்து, ஏற்றுக்கொண்டோம் என்ற கடிதம் வந்தபோது முதல் ஒலிப்பதிவு நடந்து இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன. தோழி முதலில் செய்தது 'பேச்சாளர் 1' என்பதை அழித்ததுதான். அச்சுப்படியை எடுத்துக்கொண்டு இருவரும் காஜா பேராங்கிற்குப் போனோம். நெனெக்கிற்கு ஆங்கிலம் வாசிக்க வராது. விரலால் தடவிக்கொண்டே போய்த் தன் பெயரில் நிறுத்தினார். எத்தனை இடத்தில் இருக்கிறது என்று கேட்டார். முப்பத்திரண்டு என்றாள் தோழி. பிறகு, அம்மா இலை போட்ட கதை எந்தப் பக்கம் என்று கேட்டார்.

தோழி என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன். நெனெக் அதிகம் ஒன்றும் பேசவில்லை. சேவல் சத்தம் வேண்டாம் என்று வெட்டினாயா என்று மட்டும் கேட்டார்.

ரெக்கார்டரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டுப் பேரன் இப்போது அதை இயக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். போன மாதம் நாற்பது நிமிடக் கோப்பு ஒன்றை அனுப்பினான். முதல் நிமிடம் முழுவதும் அவனுக்கும் நெனெக்கிற்கும் இடையே எந்தப் பொத்தானை அழுத்துவது என்ற வாக்குவாதம். திறந்து கேட்டேன், இரண்டு பிரதி எடுத்து வைத்தேன். வேறு எதுவும் செய்யவில்லை.